வழியில் உடம்புக்கு முடியாமல் போனால்: ஸ்ரீரங்கப்பட்டணம், மைசூரு யாத்திரைக்காரர்களுக்கு

ஐம்பது பேர் பஸ் பிடித்துப் போகும் யாத்திரையில் முதலில் கவனிக்க வேண்டியவர், "எனக்கு ஒண்ணுமில்லப்பா, நீங்கல்லாம் போய் சேவிச்சிட்டு வாங்க, நான் வண்டியிலயே இருக்கேன்" என்று சொல்பவர். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் வண்டி நிற்கிறது. ராத்திரி முழுக்கப் பயணம் செய்து ஆதிரங்கனைப் பார்க்க வந்த எழுபது வயது அம்மா, கோபுரம் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இறங்க மாட்டேன் என்கிறார். இதை அசதி என்று விட்டுவிடாதீர்கள். நெஞ்சு அடைப்பாக இருக்கலாம், சர்க்கரை இறங்கியிருக்கலாம், விடிய விடிய வயிற்றுப்போக்காகி யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கலாம். தன்னால் அத்தனை பேருக்கும் தொந்தரவு வந்துவிடக் கூடாது என்ற நினைப்பு வாயைக் கட்டிவிடும்.

சொகுசுக் கப்பல்களிலும் இதே கதைதான். சென்னைத் துறைமுகத்திலிருந்து 2023இல் இலங்கைக்குக் கப்பல் விட்டபோது நம்மவர்களும் அந்த அனுபவத்தைப் பார்த்தார்கள். வாந்தி, பேதி என்று கப்பல் டாக்டரிடம் போனால் அறையை விட்டு வெளியே வராதீர்கள் என்பார். காசு கட்டி வந்தவர் மறைக்கிறார், அது பத்துப் பேருக்குப் பரவுகிறது. 2020 பிப்ரவரியில் ஜப்பானின் யோகோஹாமாவில் நிறுத்தி வைக்கப்பட்ட டைமண்ட் பிரின்சஸ் கப்பலில் 3,711 பேர் இருந்தார்கள். எழுநூறுக்கும் மேற்பட்டவர்களுக்குக் கொரோனா தொற்றியது. பஸ் அத்தனை பெரிய விஷயமில்லை. ஆனாலும் ஒரே பாத்திரத்துச் சோறு, ஒரே தண்ணீர் கேன், மூடிய ஜன்னல், மூன்று நாள் என்று பார்த்தால் வித்தியாசம் அளவில் மட்டும்தான். நமக்குள்ள ஒரே வசதி, கப்பலுக்குக் கிடைக்காத வசதி: டாக்டர் கூட வராவிட்டாலும் ஆஸ்பத்திரி அரை மணி நேரத் தூரத்தில் இருக்கிறது. அதை எட்டுவதற்குத்தான் இந்த அத்தியாயம்.

கிளம்பும் முன்பே சொல்லிவிட வேண்டியது

பஸ் புறப்பட்டு, பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, எல்லோரும் உட்கார்ந்ததும் மைக்கில் முதல் அறிவிப்பு இதுவாக இருக்கட்டும்: "யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால் நம்மில் இரண்டு பேர் அவரோடு இறங்கிவிடுவார்கள். வண்டி நிற்காது, மற்றவர்களுடைய தரிசனம் கெடாது." அந்த இரண்டு பேர் யார் என்று அப்போதே பெயர் சொல்லிவிடுங்கள். ஒருவர் ஓடியாடக் கூடிய வயதுக்காரர்; இன்னொருவர் பெண்ணாக இருந்தால் நல்லது. பாதிக்கு மேல் மறைப்பு இந்த ஒரு அறிவிப்பில் போய்விடும். தன்னால் பஸ் நிற்காது என்று தெரிந்தால் பெரியவர்கள் வாயைத் திறப்பார்கள்.

அடுத்தது விவரத்தாள். ஆளுக்கு ஒரு பக்கம் போதும். பெயர், வயது, இருக்கை எண், என்ன நோய், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, வீட்டில் யாரைக் கூப்பிட வேண்டும். பலர் ரத்த வகையைக் கொட்டை எழுத்தில் எழுதிவிட்டு மற்றதைக் காலியாக விடுகிறார்கள். ரத்தம் ஏற்ற வேண்டி வந்தால் ஆஸ்பத்திரியில் மறுபடி பரிசோதித்துத்தான் ஏற்றுவார்கள். டாக்டருக்கு உடனே தெரிய வேண்டியது மாத்திரையின் பெயர். "பிரஷர் மாத்திரை, வெள்ளையா சின்னதா இருக்கும்" என்றால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. மாத்திரை அட்டையைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். எழுதத் தெரியாதவருக்கும் இது போதும். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் ஆகியோர் பெயருக்கு எதிரே சிவப்பு மையில் ஒரு கோடு போடுங்கள். ஒரு பிரதி பொறுப்பாளரிடம், ஒரு பிரதி டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில்.

மருந்து கைப்பையில் இருக்க வேண்டும். பெட்டியில் வைத்து அது டிக்கிக்குள் போய்விட்டால், ராத்திரி இரண்டு மணிக்கு நாற்பது பெட்டியை இறக்கித்தான் தேட வேண்டும். இன்சுலின் போடுகிறவர்கள் அதை பானெட் மேலேயோ, வெயிலில் நிற்கும் பூட்டிய வண்டிக்குள்ளேயோ விட்டுவிட்டுக் கோயிலுக்குப் போகக் கூடாது. ஈரத்துணி சுற்றிய சின்ன டப்பாவிலோ, மருந்துக்கடையில் விற்கும் குளிர்ப் பையிலோ போட்டுக் கையோடு கொண்டுபோங்கள். ஐஸ் கட்டியோடு நேராக ஒட்டவும் வைக்காதீர்கள். உறைந்த இன்சுலின் குப்பைக்குத்தான்.

இனி யாரும் மேடையில் பேசாத ஒரு விஷயம். பஸ்ஸில் கழிப்பறை கிடையாது. அதனால் பெண்கள், முக்கியமாக வயதானவர்கள், கிளம்புவதற்கு முன்தினமே தண்ணீரைக் குறைத்துவிடுகிறார்கள். இதய நோய்க்கோ ரத்த அழுத்தத்துக்கோ நீர் மாத்திரை சாப்பிடுகிறவர் அதையும் மூன்று நாளைக்கு நிறுத்திவிடுகிறார். "ஊருக்குப் போய்ப் போட்டுக்கலாம்" என்பார். முதல் நாள் ஒன்றும் தெரியாது. இரண்டாம் நாள் கால் வீங்கும், செருப்பு இறுகும். அன்றிரவு படுத்தால் மூச்சு முட்டும், எழுந்து உட்கார்ந்தால் கொஞ்சம் தேவலை என்பார். அது நுரையீரலில் நீர் கோக்கும் அறிகுறி; அன்றிரவே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய விஷயம். இன்னொரு பக்கம், தண்ணீரே குடிக்காதவருக்கு நீர்க்கடுப்பு, காய்ச்சல், எழுந்தால் தலைசுற்றல். இதற்கு மருந்து டூர் நடத்துகிறவர் கையில் இருக்கிறது: இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, சுத்தமான கழிப்பறை உள்ள இடத்தில் வண்டியை நிறுத்த வேண்டும். டீக்கு நிறுத்துவதாகச் சொல்லி, டீக்கடை மட்டும் இருக்கும் இடத்தில் நிறுத்துவது ஆண்களுக்கான நிறுத்தம். நீர் மாத்திரையை எந்த நேரத்துக்கு மாற்றிச் சாப்பிடலாம் என்று கிளம்பும் முன் உங்கள் டாக்டரைக் கேளுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

வழியிலும் கோயிலிலும்

சத்தியமங்கலம் வழியாகப் போகிறவர்கள் திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்க வேண்டும். வாந்திக்கான மாத்திரையை வளைவு தொடங்குவதற்கு அரை மணி முன்பே போட வேண்டும். குமட்ட ஆரம்பித்த பிறகு போட்டால் மாத்திரையும் சேர்ந்து வெளியே வந்துவிடும். வயிறு முட்டச் சாப்பிட்டவரும், வெறும் வயிற்றோடு இருப்பவரும் ஒரே மாதிரி கஷ்டப்படுவார்கள். இரண்டு இட்லி அளவு. பண்ணாரியைத் தாண்டினால் சாமராஜநகர் பக்கம் போகும் வரை காட்டுப் பாதை. பெரிய ஆஸ்பத்திரி எதுவும் எதிர்ப்படாது. யாருக்காவது அதற்கு முன்பே நெஞ்சு, மூச்சு, மயக்கம் என்று ஏதாவது இருந்தால் மலையேறாமல் சத்தியமங்கலத்திலேயே காட்டிவிட்டுப் போவதுதான் புத்தி. இரவில் வனத்துறை அந்தப் பாதையை அடைத்துவிடுவதால் திரும்பி வருவதும் சுலபமில்லை.

சர்க்கரை நோயாளிகளுக்குக் கோயிலில் வருவது வேறு சிக்கல். "பெருமாளைச் சேவிச்சிட்டுத்தான் சாப்பிடுவேன்" என்பவர் காலையில் மாத்திரையை மட்டும் மறக்காமல் போட்டிருப்பார். வரிசை நீளும், பதினொரு மணி ஆகும். வியர்க்கும், கை நடுங்கும், பேச்சு கொஞ்சம் குழறும், சிலருக்குக் காரணமில்லாமல் கோபம் வரும். அந்த நேரத்தில் சுகர் மெஷினைத் தேட வேண்டாம். மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். பதினைந்து நிமிடத்தில் தெளியாவிட்டால் இன்னொரு முறை. தெளிந்ததும் சாப்பாடு. நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. மூச்சுக் குழாயில் போய்விடும். விரதம் இருந்தே ஆக வேண்டும் என்பவர், அன்றைய மாத்திரையை என்ன செய்வது என்று முன்னாடியே டாக்டரிடம் கேட்டு வர வேண்டும். ரங்கநாதர் கோபித்துக்கொள்ள மாட்டார். அவரே சயனத்தில் இருப்பவர்.

பாதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நீண்டநாள் சர்க்கரை நோயாளிகளுக்குக் கால் மரத்துப் போயிருக்கும். மத்தியான வெயிலில் கல் பாவிய பிராகாரத்தில் வெறுங்காலோடு நடந்தால் சூடு உறைக்காது. ராத்திரி அறைக்கு வந்து காலைக் கழுவும்போதுதான் உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம் தெரியும். பருத்தி உறை அணிந்துகொள்ளலாம்; வெயில் ஏறும் முன் தரிசனத்தை முடிக்கலாம். கொப்புளத்தை உடைக்காமல் சுத்தத் துணியால் மூடி, மறுநாள் கட்டாயம் டாக்டரிடம் காட்டுங்கள். ஊருக்குப் போய்ப் பார்க்கலாம் என்று விட்ட கொப்புளங்கள் விரலை வாங்கியிருக்கின்றன.

மேல்கோட்டையையும் சேர்த்துப் போகிறவர்கள் யோக நரசிம்மர் மலைப் படிகளைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். கீழே செல்வப்பிள்ளை இருக்கிறார். மூச்சு வாங்குகிறவர்களுக்கு அது போதும். மேல்கோட்டையிலும் சாமுண்டி மலையிலும் குரங்குத் தொல்லை உண்டு. கடித்தாலோ பிராண்டினாலோ ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றே தடுப்பூசி போட வேண்டும். மீதி ஊசிகளை உங்கள் ஊர் அரசு மருத்துவமனையில் தொடரலாம். முதல் ஊசி போட்ட சீட்டைத் தொலைக்காமல் வைத்திருங்கள்.

காவிரி

ஸ்ரீரங்கப்பட்டணம் ஒரு தீவு, எல்லாப் பக்கமும் ஆறு. நிமிஷாம்பா கோயில் படித்துறை, சங்கமம், பச்சிமவாகினி என்று எங்கே போனாலும் இறங்கிக் குளிக்கச் சொல்லும் இடம். ஆடி மாதத்தை ஒட்டிக் கிருஷ்ணராஜசாகர் நிரம்பித் தண்ணீர் திறந்தால் ஆற்றின் மட்டம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஏறும். எச்சரிக்கை போட்டிருந்தால் தலையில் தெளித்துக்கொண்டு வந்துவிடுங்கள். ரங்கனதிட்டு முதலைகள் சரணாலயத்தின் எல்லைப் பலகையைப் படிப்பதில்லை. பாறைப் பாசியில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிவதுதான் பெரியவர்களுக்கு அடிக்கடி வரும் ஆபத்து. விழுந்தவரைக் கையைக் காலைப் பிடித்து இழுத்துத் தூக்காதீர்கள். பலகையோ பெஞ்சோ கொண்டுவந்து படுத்த வாக்கில் தூக்குங்கள்.

பச்சிமவாகினிக்கு அஸ்தி கரைக்க வருகிறவர்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். காவிரி இங்கே மேற்கு நோக்கித் திரும்புவதால் அந்த இடத்துக்குத் தனி மதிப்பு. 1948இல் காந்தியடிகளின் அஸ்தியில் ஒரு பங்கு இங்கே கரைக்கப்பட்டது. வருகிற குடும்பத்தில் பாதிப் பேர் பத்து நாளாகச் சரியாகத் தூங்காதவர்கள், சாப்பிடாதவர்கள். சடங்கு முடியும் வரை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல், ஈர வேட்டியோடு வெயிலில் உட்காருகிறார்கள். கணவரை இழந்த அம்மா தன் பிரஷர் மாத்திரையை நினைத்துப் பார்த்திருக்க மாட்டார். பிள்ளைகளில் யாராவது ஒருவர் சடங்கில் உட்காராமல் அம்மாவைக் கவனிக்கும் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். மாத்திரைக்கு வேண்டிய தண்ணீரால் சடங்கு கெடாது என்று புரோகிதரையே சொல்லச் சொல்லுங்கள். அவர் சொன்னால் அம்மா கேட்பார்.

எந்த ஆஸ்பத்திரி

ஸ்ரீரங்கப்பட்டணம் மாவட்டக் கணக்கில் மண்டியாவைச் சேர்ந்தது. ஆனால் மண்டியாவை விட மைசூரு கிட்டத்தட்டப் பாதித் தூரம்தான், பதினைந்து கிலோமீட்டர் சொச்சம். தலைசுற்றல், காய்ச்சல், வயிற்றுப்போக்கு, சின்னக் காயம் என்றால் ஊரிலேயே தாலுகா அரசு மருத்துவமனை இருக்கிறது. அதற்கு மேல் என்றால் மைசூரு. நெஞ்சு வலி என்றால் கே.ஆர்.எஸ். சாலையில் ஜெயதேவா இதய மருத்துவமனை; அரசு சார்ந்த தனி நிறுவனம். பொதுவான அவசரத்துக்கு மைசூரு மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த கே.ஆர். ஆஸ்பத்திரி, கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் செலுவாம்பா. தனியாரில் ஜே.எஸ்.எஸ்., அப்பல்லோ பி.ஜி.எஸ்., பெங்களூரு சாலை ரிங் ரோடைத் தொடும் இடத்தில் மணிப்பால். இந்தப் பெயர்களையும் அவற்றின் அவசரப் பிரிவு எண்களையும் கிளம்பும் முன் விவரத்தாளின் பின்பக்கம் எழுதிவிடுங்கள். நெருக்கடியில் தேடினால் போனில் முதலில் வருவது விளம்பரம்.

ஆம்புலன்ஸ் எண் கர்நாடகத்திலும் 108தான். கூப்பிட்டுத் தமிழில் பேசித் திணறுவதற்குப் பதில், போனைப் பக்கத்துப் பூக்கடைக்காரரிடமோ கோயில் சிப்பந்தியிடமோ கொடுங்கள். இருக்கும் இடத்தை அவர் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுவார். நாம் பத்து நிமிடம் சொன்னாலும் "பஸ்ஸெல்லாம் நிக்குமே, அங்க" என்பதைத் தாண்ட மாட்டோம். நெடுஞ்சாலையில் இருக்கும்போது என்றால் 1033. பெங்களூரு மைசூரு விரைவுச்சாலை 2023 மார்ச்சில் திறக்கப்பட்ட பிறகு வண்டிகள் ஊருக்குள் வராமல் வெளியே போய்விடுகின்றன. ஏறும் இறங்கும் வழிகள் குறிப்பிட்ட இடங்களில்தான் உண்டு. ஓடும் பஸ்ஸில் ஒருவருக்கு முடியாமல் போனால், அடுத்த இறக்கம் எங்கே என்று டிரைவரைக் கேட்டு ஆம்புலன்ஸை அங்கே வரச் சொல்லுங்கள். ஆட்டோவுக்கு அந்தச் சாலையின் நடுப்பாதையில் அனுமதி இல்லை; சர்வீஸ் ரோடு வழியாகத்தான் வரும்.

கன்னடத்தில் சில சொற்கள் போதும், பாதி நமக்குத் தெரிந்தவைதான். நெஞ்சு வலிக்கு "எதெ நோவு". வயிற்று வலிக்கு "ஹொட்டே நோவு". காய்ச்சல் "ஜ்வர", தலைசுற்றல் "தலெ சுத்து". வாந்தி, பேதி இரண்டும் அப்படியே. மூச்சுத் திணறலுக்கு "உசிராட்டத தொந்தரே", சர்க்கரை நோய்க்கு "சக்கரே காயிலே", சீக்கிரம் என்பதற்கு "பேக". மைசூரில் தமிழ் புரிந்த நர்ஸோ வார்டு பையனோ கிடைப்பது அபூர்வமில்லை; கூச்சப்படாமல் கேளுங்கள்.

காத்திருக்கக் கூடாதவை

நெஞ்சின் நடுவில் அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை. பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் வலியே இல்லாமல் வெறும் மூச்சு வாங்கலாகவும், "வாயு பிடிச்சிருக்கு" என்பதாகவும் வரும். சோடா வாங்கிக் கொடுத்து ஏப்பம் வருகிறதா என்று பார்க்கும் வழக்கத்தை விடுங்கள். முதலில் ஈசிஜி. கர்நாடகத்தில் மறைந்த நடிகர் புனீத் ராஜ்குமார் பெயரில் இதய ஜோதித் திட்டம் இருக்கிறது. தாலுகா, மாவட்ட மருத்துவமனைகளில் எடுத்த ஈசிஜியைப் பெரிய இதய மருத்துவமனை டாக்டர்கள் பார்த்து, அடைப்பைக் கரைக்கும் ஊசியை அங்கேயே போடச் செய்வதுதான் அதன் வேலை. நோயாளியை நடக்க விடாதீர்கள், பஸ் படியில் ஏற்றி இறக்காதீர்கள்.

முகம் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை தூக்க வராதது, பேச்சு குழறுவது பக்கவாதம். நான்கரை மணி நேரத்துக்குள் சிடி ஸ்கேன் எடுத்து ஊசி போட்டால் பலருக்குக் கை கால் மீளும். கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்பதுதான் டாக்டரின் முதல் கேள்வி. பக்கத்து இருக்கைக்காரர் அந்த நேரத்தைச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். தூங்கட்டும், எழுந்தால் சரியாகிவிடும் என்று மைசூரு அரண்மனையைப் பார்க்கப் போய்விடாதீர்கள். பாம்பு கடித்தால் கட்டுப் போட வேண்டாம், கீற வேண்டாம்; கடித்த காலை அசைக்காமல் அரசு ஆஸ்பத்திரிக்கு.

வயிறு

யாத்திரையில் அதிகம் வருவது இதுதான், அதிகம் அலட்சியப்படுத்துவதும் இதைத்தான். பெரும்பாலும் சமையல் நம்மோடு வந்த சமையல்காரர் செய்வது. வெளிச் சாப்பாடு இல்லை என்று பெருமைப்பட்டுக்கொள்கிறோம். ராத்திரி மிஞ்சிய சோற்றை மூடி வைத்து, காலையில் எலுமிச்சை சாதமாகக் கிளறுவார்கள். ஆறிப்போன சோற்றில் வளரும் கிருமி ஒருவகை நஞ்சை விடுகிறது. மறுபடி சூடாக்கினாலும் அது போகாது. சாப்பிட்டுச் சில மணி நேரத்தில் வரிசையாக வாந்தி எடுப்பார்கள். மிஞ்சியதைக் கொட்டுவது பாவமில்லை. சமையல்காரருக்கு வயிற்றுப்போக்கோ விரலில் சீழ்ப் புண்ணோ இருந்தால் அன்று அவர் கரண்டி பிடிக்கக் கூடாது. சிலரைக் கேட்டால் கோபித்துக்கொள்வார்கள். கேட்டுத்தான் ஆக வேண்டும். கை கழுவ சோப்பு வையுங்கள். சானிடைசர் பாட்டில் பார்வைக்கு நன்றாக இருக்கும், வாந்திபேதி வைரஸ்களுக்கு அது போதாது.

ஓஆர்எஸ் பொட்டலம் நிறைய வாங்கி வாருங்கள், ஒன்றுக்கு ஒரு லிட்டர் தண்ணீர். அரை டம்ளரில் பொட்டலம் முழுவதையும் கொட்டிக் குடிப்பது உடம்பில் உப்பை ஏற்றிவிடும். பொட்டலம் இல்லையென்றால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் தலைதட்டி ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. அட்டைப் பெட்டியில் வரும் இனிப்புப் பானங்களை ஓஆர்எஸ் என்று நம்பிக் கொடுக்காதீர்கள். அந்தப் பெயரைப் பானங்களுக்குப் போடக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவே போட்டது. பேதியை நிறுத்தும் மாத்திரையைக் காய்ச்சலோடோ ரத்தத்தோடோ போகிறவருக்குக் கொடுக்கக் கூடாது. ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, குடித்தது எதுவும் நிற்கவில்லை, குழப்பமாகப் பேசுகிறார் என்றால் டிரிப் போட வேண்டிய நிலை. ஒரே நாளில் மூன்று பேருக்கு மேல் வந்தால் சமையலை நிறுத்தி, தண்ணீர் கேன்களை மாற்றி, டாக்டரிடம் "ஒன்றாகச் சாப்பிட்டவர்கள்" என்று சொல்லுங்கள்.

பணம்

உயிருக்கு ஆபத்தான நிலையில் வருகிறவருக்கு முதலுதவி மறுக்கக் கூடாது என்பது 1989இல் பர்மானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது, தனியாருக்கும் பொருந்தும். முன்பணம் கேட்டு வாசலில் நிறுத்தினால் இதைச் சத்தம் போடாமல், உறுதியாகச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு வரும் செலவுக்குத்தான் தயாரிப்பு வேண்டும்.

தமிழக முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை, அந்தத் திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில்தான் செல்லும். மைசூரில் எந்த ஆஸ்பத்திரி அதில் இருக்கிறது என்று முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். எழுபது வயது தாண்டியவர்களுக்கு வருமானம் பார்க்காமல் 5 லட்ச ரூபாய் வரை தரும் ஆயுஷ்மான் அட்டை 2024 அக்டோபரில் வந்தது; பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் வெளிமாநிலத்திலும் பயன்படும். அட்டையை வீட்டு பீரோவில் பூட்டிவிட்டு வராதீர்கள். தனியார் காப்பீடு எடுத்தவர்கள், அவசரமாகச் சேர்ந்தால் பொதுவாக 24 மணி நேரத்துக்குள் நிறுவனத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும். சாலை விபத்து என்றால் கணக்கு வேறு. நம்முடைய "இன்னுயிர் காப்போம்" திட்டம் தமிழக எல்லையோடு முடிகிறது. எல்லைக்கு அப்பால் 2025இல் வந்த மத்திய அரசுத் திட்டத்தில் ஏழு நாள் வரை, 1.5 லட்ச ரூபாய் அளவுக்கு ரொக்கமில்லாச் சிகிச்சை கிடைக்கும். விபத்து நடந்த உடனே போலீசுக்குத் தகவல் போய்விட வேண்டும். யு.பி.ஐ. ஒரு நாளைக்கு ஒரு அளவுக்கு மேல் போகாது. பொறுப்பாளர் இரண்டு பேர் கணக்கிலும் பணம் இருக்கட்டும்.

தங்க நேர்ந்தால், திரும்பும்போது

பஸ் போய்விட்டது, நோயாளியோடு இரண்டு பேர் மைசூரில். நல்லது, அப்படித்தான் இருக்க வேண்டும். வீட்டுக்குச் சொல்லும்போது கைடு ஒரு மாதிரி, அத்தை ஒரு மாதிரி, பக்கத்து சீட்டுக்காரர் வாட்ஸப்பில் ஒரு மாதிரி என்று போகக் கூடாது. ஒரே ஆள், ஒரே எண். டிஸ்சார்ஜ் ஆகும்போது சம்மரி, ஸ்கேன் படம், ஒரிஜினல் பில் மூன்றையும் கையில் வாங்காமல் கிளம்பாதீர்கள்; பிறகு தபாலில் வரவழைப்பது பெரும்பாடு. மூன்று நாள் டிரிப் ஏறிய உடம்பை ராத்திரி பஸ்ஸில் உட்கார வைத்துக் கூட்டிவர வேண்டாம். மைசூரிலிருந்து மதுரை வழியாகத் தூத்துக்குடிக்கும், தஞ்சாவூர், கும்பகோணம் பக்கமும் ரயில் இருக்கிறது. கீழ் பெர்த் கேளுங்கள். ஓடும் ரயிலில் முடியாமல் போனால் 139க்குச் சொன்னால் அடுத்த பெரிய நிலையத்தில் டாக்டர் வந்து பார்ப்பார்.

இந்தத் தீவின் காற்றும் தண்ணீரும் பற்றிப் பழைய கதை ஒன்று உண்டு. 1799இல் திப்பு வீழ்ந்த பின் ஆங்கிலேயர் இங்கே படையை நிறுத்தினார்கள். குண்டுக்குத் தப்பிய சிப்பாய்கள் காய்ச்சலில் சுருண்டார்கள். பத்து வருஷத்துக்குள் படை பெங்களூருக்கு மாறியது. பெங்களூரு கண்டோன்மென்ட் பிறந்ததில் கொசுவுக்கும் பங்குண்டு. அந்தக் காலத்து மலேரியா இன்று இல்லை என்றாலும் வாய்க்காலும் கரும்பும் நெல்லும் சூழ்ந்த இடம்தான். அறையில் கொசுவர்த்தி, காலை மாலையில் முழுக்கைச் சட்டை.

ஊர் திரும்பி இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் வலிக்கு பாராசிட்டமால் மட்டும் போடுங்கள். டெங்குவாக இருந்தால் புரூஃபன் வகை மாத்திரைகள் ரத்தக் கசிவில் கொண்டுபோய் விடும். கண் சிவந்து, கெண்டைக்காலில் கடும் வலியோடு காய்ச்சல் வந்தால் எலிக்காய்ச்சலாகவும் இருக்கலாம். வெள்ளத் தண்ணீரில் குளித்தவர்களுக்கு அது வரும். உங்கள் டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்: ஸ்ரீரங்கப்பட்டணம் போயிருந்தேன், இன்ன தேதியில் காவிரியில் குளித்தேன்.